லிங்க் வொர்க்கராக ஒருவரை உடற்பயிற்சிக் குழுவில் சேர்த்துவிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"தினமும் கொஞ்சம் நடங்க" என்று டாக்டர் சொல்லிக் கேட்காத நடுவயதுக்காரர் யாரும் இருக்க மாட்டார். தலையாட்டிவிட்டு வருகிறோம், நடப்பதில்லை. இதைச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எங்கே நடப்பது, யாரோடு நடப்பது, பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டால் எங்கே உட்காருவது, அந்த ஒரு மணி நேரம் படுக்கையில் இருக்கும் கணவரை யார் பார்த்துக்கொள்வது? இதில் ஒன்றுக்குக்கூட அந்த அறிவுரையில் பதில் கிடையாது. பத்து நிமிட அப்பாயின்ட்மென்டில் டாக்டரால் அவ்வளவையும் பேசவும் முடியாது.

அவற்றைப் பேசத்தான் இங்கிலாந்தில் லிங்க் வொர்க்கர்கள் இருக்கிறார்கள். மருந்தோடு சேர்த்தோ மருந்துக்குப் பதிலாகவோ, ஒருவரை அவர் ஊரிலுள்ள குழுக்களோடும் சேவைகளோடும் இணைத்துவிடுவதைச் சமூகப் பரிந்துரை என்கிறார்கள். கிழக்கு லண்டனின் ப்ரோம்லி பை போ சென்டர் போன்ற இடங்களில் இது பல ஆண்டுகளாக நடந்துவந்ததுதான். 2019 ஜனவரியில் வெளியான, அரசுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ்ஸின் நீண்டகாலத் திட்டம் அதை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. 2020-21 முடிவதற்குள் 1,000-க்கும் அதிகமான லிங்க் வொர்க்கர்கள், 2023-24-க்குள் குறைந்தது 9 லட்சம் பேருக்குப் பரிந்துரை என்று அதில் இலக்கு வைத்தார்கள். 2019 ஜூலையிலிருந்து, அக்கம்பக்கத்து ஜிபி சர்ஜரிகள் (குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகள்) சேர்ந்து அமைத்த வலையமைப்புகளுக்கு லிங்க் வொர்க்கர் சம்பளத்துக்கான பணமும் வரத் தொடங்கியது.

தனிமை, கடன், வீட்டுப் பிரச்சினை என்று லிங்க் வொர்க்கரிடம் வருபவை ஏராளம். இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: வருடக்கணக்கில் உடம்பை அசைக்காமல் இருந்துவிட்ட ஒருவரை, அவர் ஊரிலேயே நடக்கும் ஒரு நடைக் குழுவிலோ நாற்காலிப் பயிற்சி வகுப்பிலோ நீச்சலிலோ கொண்டுபோய்ச் சேர்ப்பது. இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். குழு நடத்தும் தொண்டர்களுக்கும் பயன்படும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவின் பெயரையும் போன் நம்பரையும் எடுத்துக் கொடுப்பது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. அவர் இரண்டாவது வாரமும் வந்தாரா என்பதை வைத்துத்தான் நம் வேலையை அளக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த இரண்டாவது வாரத்தை நோக்கிப் போகின்றன.

படி 1: குழுக்களை நேரில் போய்ப் பாருங்கள்

வேலையில் சேர்ந்ததும் உங்கள் கையில் ஒரு பட்டியலைக் கொடுப்பார்கள். ஊரிலுள்ள குழுக்கள், நாள், நேரம், தொடர்பு எண். அதை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள். தொண்டர்கள் நடத்தும் குழுக்கள் சத்தமில்லாமல் நின்றுபோகும், இடம் மாறும், குளிர்காலத்தில் நேரம் மாறும். வீட்டை விட்டு வெளியே வரவே தயங்கும் ஒருவர் உங்கள் பேச்சை நம்பிப் புறப்பட்டுப் போய்ப் பூட்டிய கதவின் முன் நின்றால், அவரை மறுபடி கிளப்புவது லேசான காரியமில்லை.

ஆகவே முதல் சில வாரங்களில் நீங்களே போய் வாருங்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடங்கள், நாற்காலிப் பயிற்சியில் நீங்களும் உட்காருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

- பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம்? வழியில் மேடு உண்டா, உட்காரப் பெஞ்ச் உண்டா?
- கழிப்பறை எங்கே? வகுப்பு நேரத்தில் திறந்திருக்கிறதா?
- புதிதாக ஒருவர் வந்தால் முதலில் யார் பேசுகிறார்கள்? எவ்வளவு நேரத்துக்குள்?
- மெதுவாக நடப்பவர் பின்தங்கினால் யார் அவரோடு நிற்கிறார்கள்?
- முடிந்ததும் எல்லாரும் கலைந்துபோகிறார்களா, டீ குடித்துப் பேசுகிறார்களா?

கழிப்பறைக் கேள்வியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரை அடக்க முடியாத தொல்லை, நீர் போக்கும் மாத்திரை, குடல் நோய் என்று பல காரணங்களால் கழிப்பறை இல்லாத இடத்துக்குப் போகவே மாட்டேன் என்று முடிவு செய்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். "எனக்கு நேரமில்லை" என்றுதான் சொல்வார்கள்.

பஸ்ஸையும் கவனியுங்கள். அரசு ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடைக்கும் இலவச பஸ் பாஸ், லண்டனுக்கு வெளியே பொதுவாக வார நாட்களில் காலை 9.30-க்குப் பிறகுதான் செல்லும். சில கவுன்சில்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) மட்டும் அதற்கு முன்பும் அனுமதிக்கின்றன. வகுப்பு 9.30-க்குத் தொடங்கினால் பாஸ் வைத்திருப்பவர் ஒன்று காசு கொடுத்து வர வேண்டும், இல்லாவிட்டால் தாமதமாக வர வேண்டும். புதியவருக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்ட வகுப்புக்குள் கதவைத் திறந்துகொண்டு நுழைவது பெரிய சங்கடம். குழு நடத்துபவரிடம் பேசி 10.15-க்கு மாற்ற முடிந்தால், நூறு துண்டுப் பிரசுரம் கொடுத்தாலும் வராத ஆட்கள் வருவார்கள்.

பயிற்றுநர் வைத்து நடக்கும் வகுப்பென்றால் அவருடைய தகுதி, காப்பீடு, பாதுகாப்பு விதிகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஒழுங்காக நடத்துபவர்கள் உடனே எடுத்துக் காட்டுவார்கள்.

படி 2: முதல் அழைப்பு

டாக்டரோ நர்ஸோ பரிந்துரை அனுப்பியதும் உங்கள் திரையில் இரண்டு வரி வரும். 'எடை அதிகம், இரண்டாம் வகை நீரிழிவு, உடற்பயிற்சி தேவை' என்ற மாதிரி. அதை மட்டும் வைத்துக்கொண்டு குழுவைத் தேட ஆரம்பிக்காதீர்கள். அந்த இரண்டு வரியில் டாக்டருக்கு என்ன வேண்டும் என்பது இருக்கிறது. வரப்போகிறவருக்கு என்ன வேண்டும் என்பது இல்லை.

பலர் தெரியாத நம்பரை எடுக்க மாட்டார்கள். சர்ஜரியின் பெயரில் முதலில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள். எடுத்ததும் நீங்கள் யார், யார் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். கூடவே, எதையும் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். சிலர் உங்களைக் கவுன்சில் அதிகாரி என்றோ உதவித்தொகையைப் பரிசோதிக்க வந்தவர் என்றோ நினைப்பார்கள். அந்தச் சந்தேகம் தீராமல் ஒரு வார்த்தையும் நகராது.

ஆங்கிலம் சரளமாகப் பேசாதவர் என்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். என்எச்எஸ் வேலையில் அதற்கு வழி உண்டு. மகனையோ மருமகளையோ நடுவில் வைத்துப் பேசுவது வசதியாகத் தோன்றும், ஆனால் மகன் பக்கத்தில் இருக்கும்போது ஒரு தாய் கழிப்பறைத் தொல்லையைப் பற்றியோ பணக் கஷ்டத்தைப் பற்றியோ வாய் திறக்க மாட்டார். "அம்மாவுக்கு அதெல்லாம் பிடிக்காது" என்று மகனே பதிலையும் சொல்லிவிடுவார்.

படி 3: அவர் பேசட்டும்

முதல் சந்திப்பு முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூடப் போகலாம். போகட்டும். "என்ன பிரச்சினை?" என்று தொடங்கினால் வியாதிக் கணக்கு வரும். "உங்களுக்கு எது முக்கியம்?" என்று தொடங்கினால் வாழ்க்கை வரும். முன்பு என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். பள்ளியில் வலைப்பந்து ஆடியவர், வாலிபத்தில் சைக்கிளிலேயே வேலைக்குப் போனவர், கல்யாண வீடுகளில் ஆடாமல் விட மாட்டாதவர் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே சிலருக்குப் பள்ளிக்கூடத்தில் அணிக்கு யாரும் எடுக்காமல் கடைசியில் நின்றதுதான் ஞாபகம் வரும். அவர்களிடம் அந்தச் சொல்லையே எடுக்காமல் பேசலாம்.

உந்துதல் நேர்காணல் என்ற முறையிலிருந்து ஒரு கேள்வியை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். அறுபதைத் தாண்டிய ஒரு பெண் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"உடம்பைக் கொஞ்சம் அசைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்மா? பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"நாலு இருக்கும்."

"ரெண்டு சொல்லலாம், நாலு சொன்னீங்களே. ஏன்?"

"பேத்தியைத் தூக்க முடியலை. குனிஞ்சு நிமிர்ந்தா மூச்சு வாங்குது."

ஏன் ஏழு சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் அவர் தடைகளை அடுக்கியிருப்பார். ஏன் இரண்டு சொல்லவில்லை என்று கேட்டதால் தன் காரணத்தைத் தானே சொல்லிவிட்டார். இனி பேச்சு முழுக்க அந்தப் பேத்தியைச் சுற்றித்தான் போக வேண்டும், சர்க்கரை அளவைச் சுற்றி அல்ல.

அடுத்தது நம்பிக்கைக் கேள்வி.

"சரி, வாரத்துல ஒரு நாள் ஒரு குழுவோட நடக்க முடியும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு?"

"ரெண்டு."

"அதை நாலாக்க என்ன வேணும்?"

"கூட யாராவது வந்தா… எனக்கு அங்க யாரையும் தெரியாதே."

பாருங்கள், வேலைத்திட்டம் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. குழு எது என்று தேடுவதற்கு முன்பே, முதல் நாள் யார் அவரோடு போவது என்பதுதான் முடிவாக வேண்டியது.

இந்தச் சந்திப்பில் எண்களை எடுத்து வீசாதீர்கள். பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்தோருக்கு வாரம் 150 நிமிட மிதமான உடல் இயக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் 150 முதல் 300 நிமிடம் என்றது. நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை. ஆனால் கடைக்குப் போய் வரவே மூச்சு வாங்கும் ஒருவரிடம் 150 என்று சொன்னால், அது தன்னால் ஆகாத காரியம் என்றுதான் அவர் காதில் விழும். அந்த வழிகாட்டுதல்களே சொல்லும் இன்னொன்றைச் சொல்லுங்கள்: ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்தாலும் நல்லது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. மிதமான வேகம் என்றால் என்ன என்று கேட்டால், "பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம்" என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் புரியும்.

படி 4: பாதுகாப்பு

லிங்க் வொர்க்கர் டாக்டர் அல்ல. ஆனால் எப்போது டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நடந்தாலோ படியேறினாலோ நெஞ்சு வலி, மயக்கம், காரணம் தெரியாத புது மூச்சுத்திணறல், திடீரென்று மோசமான ஏதாவது ஓர் அறிகுறி என்றால் குழுப் பேச்சை நிறுத்திவிட்டு ஜிபியிடம் சொல்லுங்கள். உங்கள் முன்னாலேயே நெஞ்சு வலி வந்தால் அவசர உதவி எண்ணான 999-ஐக் கூப்பிடுங்கள்.

சிலருக்குப் பொதுக் குழுவைவிடத் தனித் திட்டம் முதலில் வேண்டும். மாரடைப்பிலிருந்து மீள்பவருக்கு இதய மறுவாழ்வுத் திட்டம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு நுரையீரல் மறுவாழ்வு வகுப்பு. கடந்த ஒரு வருடத்தில் விழுந்தவர் என்றால் விழுதல் தடுப்புச் சேவை. அங்கே நடத்தும் ஒட்டாகோ, ஃபேம் போன்ற பயிற்சிகள் கால் வலுவையும் சமநிலையையும் படிப்படியாகக் கூட்டுவதற்கென்றே அமைந்தவை. நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சி நல்லதுதான், ஆனால் நிற்கும்போது விழாமல் இருக்க நின்றுதான் பழக வேண்டும். இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கலாம். என்ன கொண்டுபோக வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று அவருடைய நீரிழிவு நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்துவிடவும் கூடாது. நீண்டகால நோயுள்ளவர்களுக்கு உடல் இயக்கத்தால் வரும் நன்மை அபாயத்தைவிடப் பெரிது என்று 2021-ல் பிரிட்டிஷ் மருத்துவ வல்லுநர்கள் கூடி ஒருமித்த அறிக்கையே வெளியிட்டார்கள். மெதுவாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டும் ஒருவருக்கு, ஒவ்வொரு முறையும் டாக்டர் கையெழுத்து கேட்டு அலையவிடுவதும் ஒரு தடைதான்.

படி 5: ஆளுக்கு ஏற்ற குழு

ஒரே ஒரு குழுவை நீட்டாதீர்கள், பத்தையும் நீட்டாதீர்கள். இரண்டு அல்லது மூன்று போதும்.

நடைப் பயண அமைப்பான ராம்ப்ளர்ஸின் வெல்பீயிங் வாக்ஸ், தொடங்குபவர்களுக்கு நல்ல வாசல். 10 நிமிட நடையிலிருந்து 90 நிமிடம் வரை உண்டு, இலவசம், பயிற்சி பெற்ற தொண்டர்கள் கூட வருவார்கள். பூங்காக்களில் வாரந்தோறும் நடக்கும் இலவச 5 கிலோமீட்டர் நிகழ்ச்சியான பார்க்ரன், பெயரில் ஓட்டம் இருப்பதாலேயே பலரைப் பயமுறுத்துகிறது. 2004-ல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது அது. இன்று எந்த ஊரில் நடந்தாலும் 5 கிலோமீட்டர் முழுவதையும் நடந்தே முடிக்கலாம். கடைசி ஆளுக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார், அதனால் பங்கேற்க வந்தவர் யாரும் கடைசி ஆகமாட்டார். 2018-ல் ஜிபிக்களின் தொழில்முறை அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஜிபீஸோடு சேர்ந்து, ஜிபி சர்ஜரிகள் தங்கள் பக்கத்து பார்க்ரனோடு இணைந்துகொள்ளும் ஏற்பாடும் வந்தது. உங்கள் சர்ஜரி இன்னும் சேரவில்லை என்றால் மேனேஜரிடம் கேளுங்கள். நடக்கத் தயாராக இல்லாதவர் அங்கே தொண்டராக நின்று கைதட்டலாம், பார்கோடு ஸ்கேன் செய்யலாம். அப்படி நின்றவர்கள் அப்புறம் நடக்கத் தொடங்குவது உண்டு.

ஒரு காலத்தில் பந்தாடிய ஆண்களுக்கு, 2011-ல் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கிப் பரவிய வாக்கிங் ஃபுட்பால். ஓடினால் ஃபௌல். முழங்கால் தேய்ந்தவருக்குத் தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி. ஆண்கள் இருந்தால் நீச்சல் குளத்துக்கு வர மாட்டேன் என்பவருக்குப் பெண்கள் மட்டும் வரும் நேரம் எப்போது என்று லீஷர் சென்டரில் கேளுங்கள். அப்போது பணியில் இருக்கும் உயிர்காப்பாளரும் பெண்தானா என்று சேர்த்துக் கேளுங்கள். அதைக் கேட்காமல் அனுப்பி, ஒரே நாளில் ஒருவரை இழந்துவிடலாம். கூட்டமே ஆகாது என்பவருக்குச் சமூகத் தோட்டம். மண்வெட்டி பிடிப்பதும் தசைக்கு வேலைதான்.

ஜிபி எழுதித் தரும் உடற்பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் 12 வாரம் ஓடும். 13-ஆவது வாரம் என்ன செய்வது என்பதை முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். சலுகைக் கட்டணம் முடிந்த அன்றே பலர் நின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்று. நாம் ஆளை அனுப்பும்போது குழுவுக்குப் பணமும் எப்போதும் கூட வருவதில்லை. 12 பேர் வரும் ஒரு தொண்டர் குழுவுக்கு நீங்களும் பக்கத்து லிங்க் வொர்க்கர்களும் சேர்ந்து ஆளுக்கு ஐந்து பேரை அனுப்பினால் அது உடைந்துபோகும். எத்தனை பேரைத் தாங்க முடியும் என்று நடத்துபவரிடம் கேட்டு, அதற்குள் நில்லுங்கள்.

படி 6: சொல்லாத தடைகள்

பணமும் நேரமும் சொல்லும் தடைகள். அவற்றுக்குச் சலுகைக் கட்டணம், இலவசக் குழு, மாலை நேர வகுப்பு என்று வழி பார்த்துவிடலாம். சொல்லாதவைதான் கடினம்.

மாற்றுத்திறனாளிகள் பலர் மனதில் ஒரு பயம் இருக்கிறது. குழுவோடு நடப்பதை யாராவது பார்த்துவிட்டால், பிஐபி (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித்தொகை) போன்றவற்றை நிறுத்திவிடுவார்களோ என்று. இது கற்பனைப் பயம் என்று தள்ளாதீர்கள், அவருக்கு அது வாடகைப் பணம். நீங்களாக உத்தரவாதம் எதுவும் கொடுக்காமல், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை தரும் இடத்தில் அவருடைய நிலைமையை வைத்துக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்கான பதில் கிடைத்த பிறகு குழுவைப் பற்றிப் பேசலாம்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வீட்டை விட்டு வருவதே குற்றம் மாதிரி இருக்கும். 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, இங்கிலாந்தில் பராமரிப்பவர் தன் தேவைகளை மதிப்பிடச் சொல்லிக் கவுன்சிலைக் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது. அந்தப் படிவத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்புவதும் உடற்பயிற்சிக்கான வேலைதான்.

ஆடை, ஷூ இவற்றையும் பேசிவிடுங்கள். புடவையோடு, சல்வாரோடு, வீட்டுச் செருப்போடு வரலாமா என்று கேட்க வெட்கப்பட்டே வராமல் இருப்பவர்கள் உண்டு. நடைக் குழுவுக்கு என்ன உடுத்தினாலும் சரி, காலில் வழுக்காத, பின்பக்கம் மூடிய ஒன்று இருந்தால் போதும் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

படி 7: முதல் நாள்

முடிந்தால் கூடப் போங்கள். உங்களால் முடியாவிட்டால், அந்தக் குழுவில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரை வாசலில் நிற்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் கூடப் போக நேரம் இருக்காது என்பது உண்மை. ஒரு லிங்க் வொர்க்கரிடம் வருடத்துக்கு 200, 250 பேர் வரை வரலாம். அதனால் நம்பிக்கைக் கேள்விக்கு மூன்றுக்குக் கீழே சொன்னவர்களை முதலில் எடுங்கள். ஏழு, எட்டு சொன்னவர் தானாகவே போய்விடுவார், ஒரு போன் போதும்.

முந்தின நாள் கூப்பிட்டு எல்லாவற்றையும் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். "நாளைக்குப் பத்தேகாலுக்கு நூலக வாசல். நான் நீலக் கோட்டு போட்டிருப்பேன். முதல்ல பேரு எழுதுவாங்க, அப்புறம் பூங்காவைச் சுத்தி இருபது நிமிஷம். பாதியில ஒரு பெஞ்ச் இருக்கு, வேணும்னா அங்கயே இருந்துட்டுத் திரும்பிடலாம்." பாதியில் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே தெரிந்தவர் பெரும்பாலும் நிறுத்த மாட்டார். நிறுத்தினாலும் தோற்றுப்போன எண்ணம் வராது.

போன இடத்தில் நீங்கள் அவரோடேயே ஒட்டிக்கொண்டு நடக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் கூட இருங்கள். பிறகு ஒரே தெருவிலோ ஒரே ஊரிலோ ஏதாவது பொதுவாக இருக்கும் ஒருவரை அறிமுகப்படுத்திவிட்டு, பத்தடி பின்னால் வாருங்கள். இரண்டாவது வாரம் அவரை வரவைக்கப்போவது நீங்கள் இல்லை, "போன வாரம் வந்தீங்களே" என்று சொல்லப்போகும் அந்த ஆள்தான். கிளம்பும்போது குழு நடத்துபவர் புதியவரின் பெயரைச் சொல்லி "அடுத்த செவ்வாய் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும். அதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

படி 8: இரண்டாவது வாரமும் அதற்குப் பிறகும்

முதல் நாள் மாலையோ மறுநாளோ கூப்பிடுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். "எது கஷ்டமா இருந்தது?" என்று கேளுங்கள். கால் வலி பற்றி அவர் சொன்னால், வெகுநாள் கழித்து உடம்பை அசைத்தால் ஓரிரு நாள் தசை வலிப்பது வழக்கம் என்று விளக்குங்கள். இதை யாரும் சொல்லாததால் தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து நின்றுவிடுபவர்கள் பலர். மூட்டு வீங்கினாலோ வலி நாட்கணக்கில் குறையாமல் இருந்தாலோ மட்டும் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

இரண்டாவது வாரத்துக்கு முந்தின நாள் மறுபடி ஒரு செய்தி. மழை பெய்தால் எங்கே கூடுவார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.

அப்புறம் ஒரு வாரம் வராமல் போவார். காய்ச்சல், பேரப்பிள்ளைக்கு லீவு, மனச்சோர்வு, ஏதோ ஒன்று. இதற்கு முதல் சந்திப்பிலேயே வழி செய்திருக்க வேண்டும். "நடுவுல ஒரு வாரம், ரெண்டு வாரம் விட்டுப்போகும், எல்லாருக்கும் போகும். அப்ப யாருக்கு போன் பண்ணுவீங்க?" என்று கேட்டு, அந்தப் பெயரை எழுதிவையுங்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு ஊறச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. விட்டுப்போனவர்களிடம் நான் சொல்லச் சொல்வது இதைத்தான். திரும்பி வர வெட்கம்தான் பலருக்குப் பெரிய தடை, வலி அல்ல.

திரும்பவே மாட்டேன் என்றால் காரணம் கேட்டுக்கொண்டு படி 5-க்குப் போங்கள். குழு பிடிக்கவில்லை என்பதும் பயனுள்ள தகவல்.

படி 9: எழுதிவைப்பதும் விலகுவதும்

என்எச்எஸ் வழிகாட்டலில் பொதுவாகப் பேசப்படுவது மூன்று மாதத்தில் 6 முதல் 12 தொடர்புகள். போன், நேர் சந்திப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆகவே ஆரம்பத்திலிருந்தே விலகுவதற்குத் தயாராகுங்கள். உங்களுக்கு வந்துகொண்டிருந்த போன்கள் குழுவில் உள்ளவர்களுக்குப் போகத் தொடங்கியதா என்று பாருங்கள். போகத் தொடங்கிவிட்டால் தைரியமாக விலகலாம்.

அளப்பதற்கு நீளமான படிவம் வேண்டாம். கடந்த வாரத்தில் மூச்சு வேகமாகும் அளவுக்கு 30 நிமிடமோ அதற்கு மேலோ உடல் இயக்கம் இருந்த நாட்கள் எத்தனை? இந்த ஒரே கேள்வியை முதல் சந்திப்பிலும் மூன்றாம் மாதத்திலும் கேளுங்கள். கூடவே வாழ்க்கை திருப்தி, வாழ்வு பொருளுள்ளதாகத் தோன்றுவது, நேற்றைய மகிழ்ச்சி, நேற்றைய பதற்றம் என்ற நான்கையும் 0 முதல் 10 வரை கேட்கும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கேள்விகள். அதோடு அவர் முதல் நாள் சொன்ன காரணத்தைப் பற்றிக் கேளுங்கள். பேத்தியைத் தூக்க முடிகிறதா?

பரிந்துரைத்த டாக்டருக்கு முடிவைத் தெரிவிக்காமல் விட்டுவிடாதீர்கள். அனுப்பியவர் என்ன ஆனார் என்றே தெரியாத டாக்டர் நாளடைவில் அனுப்புவதை நிறுத்திவிடுவார். நோயாளியின் சம்மதத்தோடு அவருடைய பதிவில் இரண்டு வரி போதும்: 'செவ்வாய் நடைக் குழுவுக்குத் தொடர்ந்து வருகிறார், இப்போது முழுச் சுற்றும் நடக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து வியாழன் தசைப் பயிற்சி வகுப்பிலும் சேர விரும்புகிறார், இரத்த அழுத்த மாத்திரை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, அப்பாயின்ட்மென்ட் தேவை.'

குழு நடத்துபவருக்கும் ஒரு போன் போடுங்கள். நீங்கள் அனுப்பியவர்களில் யார் நின்றார்கள், யார் போனார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பெயர் குறிப்பிடாமல் சொல்லுங்கள். ஹால் கதவு கனமாக இருக்கிறது, இசை காது கேட்கும் கருவிக்கு இரைச்சலாக இருக்கிறது என்பதெல்லாம் உங்களிடம்தான் வரும், அவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு படி 1-ல் தயாரித்த உங்கள் பட்டியலைத் திறந்து அதையும் அங்கே எழுதுங்கள். அடுத்த ஆளை அனுப்பும் முன் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.